கேன் லைனில் கை வைக்கும் முன்

மீட்டர் போர்டில் ஏபிஎஸ், ஸ்டீயரிங், செக் இன்ஜின், ஹில் ஹோல்டு என்று நாலைந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தால் கார் வைத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். வண்டியைப் பட்டறைக்குள் விட்டதுமே "இசிஎம் போயிடுச்சு சார்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் இன்னும் மோசம். பெரிய தொகைக்குப் பெட்டி வாங்கி மாற்றுவார்கள். ஒரு வாரத்தில் அதே விளக்குகள் மறுபடி எரியும். நாலு பெட்டிகள் ஒரே நாளில் சேர்ந்து கெடுவது மிக அரிது. நாலுக்கும் பொதுவாக இருப்பது எதுவோ, பழுதை அங்கேதான் தேட வேண்டும். பொதுவாக இருப்பவை பேட்டரி, எர்த், பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு ஒயர்கள். வேலை பழகும் இளம் மெக்கானிக்குகளையும், பில்லுக்குப் பணம் கட்டுகிற வண்டிக்காரர்களையும் மனதில் வைத்து எழுதிய பட்டியல் இது.

பட்டியலுக்கு முன்னால், அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். இன்ஜின், கியர், பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், கதவுப் பூட்டு, மீட்டர் போர்டு என ஒவ்வொன்றுக்கும் இன்று தனித்தனி மாட்யூல், அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டி, இருக்கிறது. ஒவ்வொரு தகவலுக்கும் தனி ஒயர் இழுத்தால் செம்பின் எடையும் கப்ளர்களின் எண்ணிக்கையும் தாங்காது. இதற்கு வழி தேடி ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் வேலையைத் தொடங்கி, 1986-ல் டெட்ராய்ட் மாநாட்டில் அறிவித்த முறைதான் கேன். 1993-ல் ஐஎஸ்ஓ 11898 என்ற சர்வதேசத் தரமானது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்கள்: கேன்-ஹை, கேன்-லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட் நிற்கும். பேசும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். கேட்கிற மாட்யூல் அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. வெளியிலிருந்து மின் இரைச்சல் வந்தால் முறுக்கிய இரண்டு ஒயரிலும் ஒரே அளவில் விழும், அதனால் வித்தியாசம் மாறாது. முறுக்கு இருப்பது இதற்காகத்தான்.

கேன் செய்திக்கு முகவரி கிடையாது. ஊருக்குத் தண்டோரா போடுவது போலத்தான் ஒரு மாட்யூல் சொல்லும், தேவைப்பட்டவை எடுத்துக்கொள்ளும். நாலு சக்கரங்களின் வேகத்தையும் ஏபிஎஸ் மாட்யூல் படித்து லைனில் போடுகிறது. அதை மீட்டர் போர்டு முள்ளுக்கு எடுத்துக்கொள்கிறது. எந்த கியர் வேண்டும் என்று கணக்கிட ஆட்டோமேட்டிக் கியர் மாட்யூல் எடுத்துக்கொள்கிறது. வேகம் கூடினால் இறுகவும் குறைந்தால் இலகுவாகவும் ஸ்டீயரிங் எடுத்துக்கொள்கிறது. பல வண்டிகளில் கதவு தானாகப் பூட்டுவதும் ஸ்டீரியோவின் சத்தம் ஏறுவதும் இதே எண்ணை வைத்துத்தான். இரண்டு மாட்யூல்கள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் அடையாள எண் சிறிய செய்தி தொடர்ந்து போகும், பெரிய அடையாள எண் உள்ளது பாதியில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும். மோதலும் இல்லை, நேர விரயமும் இல்லை. 500 கிலோபிட் வேகத்தில் ஒரு முழுச் செய்தி போய்ச்சேர சுமார் கால் மில்லிசெகண்ட் போதும்.

எல்லாமே கேன் என்றும் நினைத்துவிட வேண்டாம். கண்ணாடி சுவிட்ச், சைடு மிரர் போன்ற அவசரமில்லாத வேலைகளுக்கு லின் என்ற ஒற்றை ஒயர் லைன் உண்டு. அதில் 12 வோல்ட் அளவில், அதிகபட்சம் 20 கிலோபிட் வேகத்தில் பேச்சு நடக்கும். புதிய வண்டிகளில் கேமரா, ரேடார் இவற்றுக்கு ஈதர்நெட்டும் வந்துவிட்டது. வெவ்வேறு லைன்களுக்கு நடுவில் செய்தியைக் கைமாற்றித் தருவது கேட்வே மாட்யூல்.

செய்ய வேண்டியவை

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் நின்ற நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். அந்த எண்ணோடு நின்றுவிடாமல், செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். 9.6-க்குக் கீழே போனால் சில மாட்யூல்கள் அந்த நொடியில் மயங்கி விழுந்து எழும். எழும் முன் மற்றவை "அவனைக் காணோம்" என்று பிழைக் கோடு பதிவு செய்துவிடும். லைனில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் ஸ்கேனரில் யு என்று தொடங்கும் கோடுகள் வரிசையாக நிற்கும். பேட்டரிக்கு அடுத்தது எர்த். பாடியில் எர்த் போல்ட் பிடித்திருக்கும் இடத்தைக் கழற்றிச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு இறுக்குங்கள். பெயின்ட் அடித்த வண்டி, விபத்தில் தட்டி நிமிர்த்திய வண்டி என்றால் இதைத் தவறவே விடாதீர்கள்.

எல்லா மாட்யூல்களையும் ஸ்கேன் செய்து, அழிக்கும் முன் கோடுகளை எழுதி வையுங்கள். மலிவான ஸ்கேனர்கள் இன்ஜினை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். நெட்வொர்க் பழுதில் இன்ஜின் என்ன சொல்கிறது என்பதைவிட, யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதுதான் துப்பு. யு0100 என்றால் இன்ஜின் மாட்யூலின் பேச்சு கேட்கவில்லை என்று இன்னொன்று சொல்கிறது. யு0101 கியர் மாட்யூலைக் காணோம், யு0121 ஏபிஎஸ்ஸைக் காணோம், யு0140 பாடி கன்ட்ரோல் மாட்யூலைக் காணோம், யு0155 மீட்டர் போர்டைக் காணோம். இப்போது ஒரு தாளை நடுவில் இரண்டாகப் பிரியுங்கள்: குறை சொல்பவர்கள் ஒருபுறம், குறை சொல்லப்பட்டவர்கள் மறுபுறம். எல்லோரும் யு0121 மட்டுமே சொல்லி, ஏபிஎஸ் மாட்யூல் ஸ்கேனருக்கும் பதில் தராவிட்டால், ஏபிஎஸ்ஸுக்குப் போகும் பியூஸ், எர்த், அதன் கப்ளர் என்று வேலை சுருங்கிவிடும். எல்லோரும் எல்லோரையும் காணோம் என்றால் லைன் மொத்தமாக விழுந்திருக்கிறது, அல்லது மின்சாரம் ஆட்டம் காண்கிறது. கோடு சொல்வது "பேச்சு கேட்கவில்லை" என்பது மட்டும்தான். அது "மாட்யூலை மாற்று" என்று ஒருபோதும் சொல்வதில்லை.

லைன் பழுதா, சென்சார் பழுதா என்று பிரித்துப் பாருங்கள். சக்கர வேக சென்சாரின் ஒயர் சேறும் கல்லும் அடிபடும் இடத்தில், ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் வளைந்து நிமிர்கிறது. உள்ளே செம்பு அறுந்தால் அந்த ஒரு சக்கரத்தின் வேகம் ஏபிஎஸ்ஸுக்குத் தெரியாது. உடனே "என் கணக்கை நம்பாதீர்கள்" என்று அது லைனில் அறிவிக்கிறது. அதை நம்பி வேலை செய்த ஹில் ஹோல்டு, டிராக்‌ஷன் கன்ட்ரோல், சில வண்டிகளில் க்ரூஸ் கன்ட்ரோலும், வரிசையாகத் தங்களை நிறுத்திக்கொண்டு ஆளுக்கொரு விளக்கைப் போடுகின்றன. ஆறு விளக்குகள், ஒரே ஒரு அறுந்த ஒயர். நெட்வொர்க் இங்கே பழுதாகவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்து எல்லோருக்கும் எச்சரிக்கை சொல்லியிருக்கிறது. ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் நாலு சக்கரங்களின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எந்தச் சக்கரம் என்று தெரிந்துவிடும்.

மல்டிமீட்டரில் 60 ஓம் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மாட்யூல்கள் அடங்கச் சில நிமிடங்கள் பொறுத்து, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி கப்ளரில் 6, 14 ஆகிய பின்களுக்கு நடுவே அளக்க வேண்டும். 6 கேன்-ஹை, 14 கேன்-லோ. லைனின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒன்றாக வைத்திருப்பார்கள். ஒயரின் முனையை அடையும் சிக்னல் திரும்பி வந்து அடுத்த செய்தியைக் குழப்பாமல் அங்கேயே அடங்குவதற்காக. இரண்டு 120 இணையாக நின்றால் 60. அளவில் 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது: நடுவில் ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது முனையில் உள்ள மாட்யூலின் கப்ளர் கழன்றிருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஹையும் லோவும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 40 வந்தால் மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டர் புகுந்திருக்கிறது, யாரோ பொருந்தாத மாட்யூலை மாட்டியிருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, லைன் எர்த்தோடோ பேட்டரி பாசிட்டிவோடோ ஒட்டியிருந்தாலும் 60 ஓம் அழகாகக் காட்டும், ஆகவே 60 வந்ததும் லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டாவது, கேட்வே உள்ள வண்டிகளில் ஓபிடி கப்ளரிலிருந்து போகும் ஒயர் கேட்வேயோடு நின்றுவிடும். அங்கே அளந்தது அந்தச் சிறு துண்டின் கதை மட்டுமே. இன்ஜின் லைனை அளக்க அந்த லைனிலேயே உள்ள ஒரு கப்ளருக்குப் போக வேண்டும்.

அடுத்து, பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு, வோல்ட் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனை எர்த்தில். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதனால் பேச்சு நடக்கும் லைனில் ஹை 2.5-க்குச் சற்று மேலும் லோ 2.5-க்குச் சற்றுக் கீழும் நிற்கும். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5. ஒன்றில் 12 வந்தால் பாசிட்டிவோடு ஒட்டல். சாவி போட்ட பிறகும் ஒன்று பூஜ்யத்தில் கிடந்தால் எர்த்தோடு ஒட்டல்.

ஒட்டல் இருக்கிறது, இடம் தெரியவில்லை என்றால் மாட்யூல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றும்போது லைன் உயிர்பெறுகிறதோ அந்த மாட்யூலோ அதற்குப் போகும் கிளை ஒயரோதான் காரணம். முனை மாட்யூலைக் கழற்றினால் 120 வருவது இயல்பு, அதைப் பழுது என்று எண்ணி ஏமாறாதீர்கள். எந்த மாட்யூல் முனையில் இருக்கிறது என்பது வயரிங் படத்தில் இருக்கும். படம் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்குவது வண்டிக்காரரின் பணத்தில் ஊகம் செய்வதாகும்.

விட்டு விட்டு வரும் பழுதில் கப்ளரை ஆட்டிப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டாம். ஒரு மாட்யூல் அனுப்பும் செய்தி பழுதானால் அதன் பிழைக் கணக்கில் 8 கூடும், ஒழுங்காகப் போனால் 1 குறையும். கணக்கு 255-ஐத் தாண்டினால் அந்த மாட்யூல் தானே லைனைவிட்டு விலகிக்கொள்ளும். தன்னால் மற்றவர்களின் பேச்சு கெடக்கூடாது என்று அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கேன் உருவாக்கியவர்களின் சிந்தனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மேட்டில் குலுங்கும்போது தொலைந்து, சமதளத்தில் திரும்பி வரும் மாட்யூல்களின் கதையும் பெரும்பாலும் இதுதான். கப்ளரின் பின் தளர்ந்திருக்கும், அல்லது பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

ஒயரை ஒட்ட நேர்ந்தால் முறுக்கைக் காப்பாற்றுங்கள். ஹை, லோ இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டி ஒட்டாமல், சற்றுத் தள்ளித் தள்ளி ஒட்டுங்கள். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு நீர் புகாமல் மூடிவிட்டு மறுபடி முறுக்குங்கள். முறுக்கு இல்லாத பகுதி சில சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சால்டரிங்கா, கிரிம்பா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வழிமுறை மாறும், அந்த வண்டியின் கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் சாவியைப் போடாமல், முதல் வேலையாக பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. சீட்டுக்கு அடியிலும் தரைக் கார்ப்பெட்டுக்குக் கீழும் கப்ளர்களும் சில மாட்யூல்களும் இருக்கின்றன. ஈரமான கப்ளரில் மின்சாரம் ஓடினால்தான் பின்கள் வேகமாக அரித்துப்போகும். மின்சாரம் இல்லாமல் நனைந்த மாட்யூலைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஸ்டார்ட் ஆகிறதா என்று ஒரே ஒருமுறை பார்த்துவிடலாம் என்ற ஆசை அந்த வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

செய்யக்கூடாதவை

பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்பைக் கேன் லைனில் வைக்காதீர்கள். 12 வோல்ட் ஒயரில் பாசிட்டிவ் பார்க்க அது நல்ல கருவி. இங்கே அந்த பல்பு இழுக்கும் மின்சாரம் லைனையே சாய்த்துவிடும், மாட்யூலின் உள்ளே இருக்கும் சில்லையும் கெடுக்கலாம்.

மின்சாரம் இருக்கும்போது ஓம் அளக்காதீர்கள். எண் தப்பாக வரும், அந்தத் தப்பான எண்ணை நம்பி ஒரு நாள் வேலை வீணாகும்.

ஒயரில் ஊசி குத்தி அளக்காதீர்கள். இன்றைக்கு அளவு கிடைக்கும். அந்தத் துளை வழியாக மழைக்காலத்தில் ஈரம் ஏறி, ஆறு மாதத்துக்குப் பிறகு வேறொரு மெக்கானிக் தலையைப் பிய்த்துக்கொள்வார். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய புரோப்பை நுழைத்து அளப்பதே சரி.

அறுந்த இடம் கிடைக்கவில்லை என்று இரண்டு மாட்யூல்களுக்கு நடுவே தனி ஒயர் இழுத்து பைபாஸ் போடாதீர்கள். முறுக்கில்லாத ஒற்றை ஒயரில் பேச்சு ஓடினாலும் ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில் இவற்றின் இரைச்சல் ஏறும். பட்டறையில் ஓடும், நெடுஞ்சாலையில் நிற்கும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்காதீர்கள். அம்பாசடர் காலத்தில் பலரும் செய்தது, அன்றைக்கு அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று விலகினால் வோல்ட் பல பத்துகளுக்கு எகிறும். அந்த அலை வண்டியின் எல்லா மாட்யூல்களுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. நாலு பெட்டிகள் ஒன்றாகக் கெடுவது அரிது என்று மேலே சொன்னேன், அந்த அரிய காரியத்தை நம் கையாலேயே செய்துவிட இது ஒரு வழி. மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து, இன்ஜினை ஓட்டி, லைட்டும் ஏசியும் போட்டு, சார்ஜ் வோல்ட் எவ்வளவு என்று பார்த்தாலே போதும்.

மாட்யூல்களை மாட்டி வைத்துக்கொண்டு சேசிஸில் வெல்டிங் செய்யாதீர்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து பாடி பில்டிங் பட்டறைகளுக்கு இது முக்கியம். லாரியிலும் இதே கேன்தான். அதன் மேல் ஜே1939 என்ற விதிமுறை ஓடும், பெரும்பாலும் 250 கிலோபிட் வேகத்தில். ஒன்பது பின் கப்ளரில் சி, டி பின்கள். பிஎஸ்-6 லாரியில் இன்ஜின் மட்டுமல்ல, புகைக்குழாயில் இருக்கும் நாக்ஸ் சென்சாரே இந்த லைனில் பேசும் மாட்யூல்தான், விலையும் அதிகம். வெல்டிங் எர்த்தைத் தொலைவில் எங்கோ மாட்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் போக வழி தேடி மாட்யூலின் எர்த் ஒயருக்குள்ளும் நுழையும். பேட்டரியைக் கழற்றுங்கள், அருகிலுள்ள மாட்யூல்களின் கப்ளர்களையும் கழற்றுங்கள், வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்தை ஒட்டியே மாட்டுங்கள்.

ஹாரன், கேமரா, ஸ்டீரியோ, எல்இடி விளக்கு மாட்டும்போது கைக்குக் கிடைத்த ஒயரைச் சீவி இணைக்காதீர்கள். பல வண்டிகளில் விளக்கு சுவிட்ச் விளக்குக்கு மின்சாரம் தருவதில்லை. அது பாடி கன்ட்ரோல் மாட்யூலிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறது, மாட்யூல் விளக்கைப் போட்டு அது இழுக்கும் மின்சாரத்தையும் கவனிக்கிறது. அந்த ஒயரில் கூடுதல் சுமை ஏற்றினால் மாட்யூல் அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு நிறுத்தும், இல்லையென்றால் தானே கருகும். பியூஸ் பாக்ஸிலிருந்து தனி பியூஸ் வைத்து, ரிலே போட்டு எடுங்கள். ஏற்கெனவே வண்டியில் விநோதமான பழுது என்றால், புதிதாக என்ன மாட்டினீர்கள் என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஓபிடி கப்ளரில் ப்ளூடூத் டாங்கிளை மாட்டி அப்படியே விட்டுவிடாதீர்கள். 16-ஆம் பின்னில் பேட்டரி பாசிட்டிவ் சாவி இல்லாமலே எப்போதும் இருக்கிறது. சில மலிவான டாங்கிள்கள் மாட்யூல்களைத் தூங்கவிடாமல் தொந்தரவு செய்யும். நன்றாக உறங்கும் வண்டி 50 மில்லிஆம்பியருக்குள் இழுக்கும், விழித்திருந்தால் அதைவிடப் பலமடங்கு. பேட்டரி ஏன் தினமும் இறங்குகிறது என்று அளக்கும்போதும் அவசரம் ஆகாது. கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலையில் வைத்து, சாவியைத் தொலைவில் வைத்து, மாட்யூல்கள் உறங்கும்வரை காத்திருந்து அளந்து பாருங்கள். டாங்கிளைக் கழற்றிவிடச் சொல்வதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். கேன் லைனில் பேசுபவர் யார் என்று சரிபார்க்கும் வழக்கம் அடிப்படையில் இல்லை. உள்ளே வந்த எவரையும் அது நம்பும். 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை அதன் மொபைல் இணைப்பு வழியாகவே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதன் பிறகு 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பெயர் தெரியாத டாங்கிளுக்கு அந்த வாசலை இரவும் பகலும் திறந்து வைப்பது சரியல்ல.

பேட்டரி பலவீனமாக இருக்கும்போது மாட்யூலுக்கு சாஃப்ட்வேர் ஏற்றாதீர்கள். நடுவில் மின்சாரம் தடுமாறினால் பாதி எழுதிய மாட்யூல் அதன் பிறகு எழாமலே போகலாம். சீரான வோல்ட் தரும் சப்போர்ட் சார்ஜரை மாட்டிய பிறகே தொடங்குங்கள்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய மாட்யூலை "போட்டுத்தான் பார்ப்போமே" என்று மாட்டாதீர்கள். பல மாட்யூல்கள் சேசிஸ் எண்ணோடும் இம்மொபிலைசரோடும் பிணைந்தவை. சிலவற்றில் ஒருமுறை மாட்டினாலே அந்த எண் பதிந்துவிடும், பிறகு அது அசல் வண்டிக்கும் உதவாது.

கோடுகளை அழித்துவிட்டு வண்டியைக் கொடுக்காதீர்கள். விளக்கு அணைந்தது பழுது பார்த்ததற்குச் சாட்சி ஆகாது. அழித்த பிறகு ஓட்டி, மறுபடி எல்லா மாட்யூல்களையும் ஸ்கேன் செய்து, திரும்பி வந்ததையும் வராததையும் ஜாப் கார்டில் எழுதுங்கள். ஓம் எவ்வளவு, வோல்ட் எவ்வளவு, எந்த கப்ளரில் அளந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாட்யூல் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டால், வண்டிக்காரர் இந்த எண்களைக் கேட்கலாம். அதன் பியூஸிலும் எர்த்திலும் மின்சாரம் சரியாக இருந்தும், அதன் கப்ளர்வரை லைன் சரியாக வந்தும் அது பேசவில்லை என்று அளந்து காட்டியிருந்தால் மாற்றச் சொல்வது நியாயம். அளவு எதுவும் எழுதப்படவில்லை என்றால், சம்மதிக்கும் முன் இன்னொரு பட்டறையில் காட்டுங்கள்.